லீவு சர்டிபிகேட்தான் வில்லன்: மிலிட்டரி மாப்பிள்ளை கதை எழுதுகிறவருக்கு

கேள்வி இதுதான்: ஜம்முவில் இருக்கும் ராணுவ வீரன் லீவில் வேலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு வருகிறான். பெண் பார்க்கிறார்கள், காதல், கலாட்டா, கல்யாணம் என்று ஒரு நகைச்சுவைத் திரைக்கதை. இடைவேளைக்குப் பிறகு தொய்கிறது, அதனால் ஒரு தீவிரவாதியைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். கொண்டுவரலாமா? மிலிட்டரி விவரங்களில் எங்கெல்லாம் சறுக்கும்?

தீவிரவாதி வேண்டாம். அவனைவிடக் கறாரான வில்லன் நாயகனின் சட்டைப் பையிலேயே நாலாக மடித்து உட்கார்ந்திருக்கிறான். லீவு சர்டிபிகேட். என்றைக்குக் கிளம்பினான், என்றைக்குத் திரும்ப வேண்டும் என்று இரண்டு தேதி அதில் இருக்கும். இரண்டாவது தேதியிடம் கெஞ்ச முடியாது, லஞ்சம் கொடுக்க முடியாது, அடித்துப் போடவும் முடியாது. உங்கள் இரண்டாம் பாதி தொய்வதற்குக் காரணம், அந்தத் தேதியைப் படம் பார்ப்பவருக்கு நீங்கள் சொல்லாமல் விட்டதாகத்தான் இருக்கும்.

முதலில் கணக்கு. சிப்பாயிலிருந்து சுபேதார் மேஜர் வரை வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. அதிகாரிகளுக்கு ஆனுவல் அதே 60, கேஷுவல் 20. இரண்டையும் ஒட்டவைத்து மூன்று மாதம் ஊரில் இருக்க முடியாது. கேஷுவல் லீவு டூட்டிக் கணக்கில் வருவது, அதை வேறு லீவோடு சேர்க்க விதி இடம் தராது. திரைக்கதைகளில் நாயகன் "இன்னும் ஒரு மாசம் லீவு போட்டுட்டேன்" என்று சர்வசாதாரணமாகச் சொல்லும் இடத்தில், தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் படைவீரர் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போய்விடுவார். வேலூர் மாவட்டத்தில் அப்படி எழுந்து போகிறவர்கள் நிறைய. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே ஒரு பெயர் உண்டு.

லீவு எப்போது கிடைக்கும் என்பதும் அவன் கையில் இல்லை. ஒரு யூனிட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஊருக்குப் போய்விட முடியாது, முறை வைத்துத்தான் அனுப்புவார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று வைத்துக்கொண்டால், அதில் தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லாரும் உண்டு. பொங்கலுக்குத் தமிழர்கள் மோதுவார்கள், ஓணத்துக்கு மலையாளிகள். நடுவில் மாட்டிக்கொள்ளும் சர்வீஸ் குறைந்த சிப்பாய்க்கு யாரும் கேட்காத மாதம்தான் மிஞ்சும். நம்மூரில் கல்யாணத்துக்கு யாரும் கேட்காத மாதம் எது? ஆடி.

இங்கேதான் உங்கள் கதை இருக்கிறது. ஜூன் 25 முதல் ஆகஸ்ட் 23 வரை லீவு என்று வையுங்கள், சரியாக 60 நாள். பயணத்தையும் அதற்குள்ளேயே கழித்துக்கொள்ளுங்கள். கட்ராவிலிருந்து கன்னியாகுமரி போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறைதான். அதில் காட்பாடி வந்து இறங்கவே இரண்டு முழு நாள் தாண்டிவிடும். அதைத் தவறவிட்டால் டெல்லி வந்து, அங்கிருந்து சென்னை வண்டி பிடித்து, மறுபடி காட்பாடிக்கு வர வேண்டும். ஆக ஜூன் 29-ல் வீட்டில் இருக்கிறான். ஆனி முடிய பதினேழு நாள் இருக்கிறது. அதற்குள் பெண் பார்த்து, பேசி, பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்துத் தாலி கட்டுவது கிராமத்தில் நடக்கிற காரியமில்லை. ஜூலை 17 வாக்கில் ஆடி பிறந்துவிடும். ஆவணி பிறப்பது ஆகஸ்ட் 17 வாக்கில். திரும்பும் வண்டியை அவன் ஆகஸ்ட் 20-க்குள் பிடிக்க வேண்டும். கல்யாணத்துக்கு இருப்பது மூன்றே நாள். அந்த மூன்று நாளுக்குள் முகூர்த்தம் விழ வேண்டும், அதே நாளில் மண்டபம் காலியாக இருக்க வேண்டும், அதற்கு முன்னால் பெண் சம்மதிக்க வேண்டும். நீங்கள் எந்த வருஷத்தில் கதையை வைக்கிறீர்களோ அந்த வருஷப் பாம்புப் பஞ்சாங்கத்தை வாங்கி ஆவணி முதல் வாரத்தைப் பாருங்கள். முகூர்த்தம் இருந்தால் ஒரு படம், இல்லையென்றால் இன்னும் நல்ல படம். ஆடி முழுக்கக் காதலிக்கலாம், கல்யாணப் பேச்சு மட்டும் எடுக்கக் கூடாது என்ற நிலைமை காதல் நகைச்சுவைக்குத் தானாக வந்து விழுந்த வரம். கூழ் ஊற்றும் இடத்தில், தீமிதியில், ஆடிப்பெருக்கில் என்று ஊரே வெளியே திரியும் மாதம் அது. சந்திப்பதற்குச் சாக்குத் தேட வேண்டியதில்லை.

கதை 2013-க்கு முன்னால் நடந்தால் இன்னொரு ஆயுதம் கையில் இருக்கிறது. லீவை நீட்டிக்க ஊரிலிருந்து யூனிட்டுக்குப் போகும் "அம்மா சீரியஸ்" தந்தி. இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலையோடு முடிந்தது. அதற்குப் பிறகு நடக்கும் கதையில் தந்தி வந்தால் படமே சீரியஸ்தான். தந்திக் காலத்துக் கதையென்றால் கடிதத்தையும் விடாதீர்கள். வீரனின் முகவரியில் ஊர்ப்பெயரே இருக்காது. நம்பர், ரேங்க், பெயர், யூனிட், அதன்கீழ் '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' (ஆர்மி போஸ்ட் ஆபீஸ்) அவ்வளவுதான். கல்யாணமான புதுசில் "ஏ.பி.ஓ. எந்த ஜில்லாவுல இருக்கு?" என்று தபால்காரரைப் பெண் கேட்கும் ஒரு காட்சி போதும், அவள் எவ்வளவு தூரத்தில் இருப்பவனைக் கட்டிக்கொண்டாள் என்பது புரிந்துவிடும்.

இன்றைய கதையென்றால் செல்போன். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. 2020 ஜூலையில் ராணுவம் தன் ஆட்களை 89 செயலிகளை போனிலிருந்து நீக்கச் சொன்னது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மட்டுமில்லை, டிண்டர் போன்ற ஜோடி தேடும் செயலிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. முன்பின் தெரியாத பெண் வலிய வந்து பேசினால் உளவு வலையாக இருக்கலாம் என்று பாடம் எடுத்துத்தான் ஆட்களை லீவில் அனுப்புவார்கள். இப்போது நாயகியிடமிருந்து முதல் மெசேஜ் வருகிறது: "எந்த ஊர்ல போஸ்டிங்? எத்தனை பேர் இருக்கீங்க? சாப்பாடெல்லாம் எப்படி?" மாப்பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்ள எந்தப் பெண்ணும் கேட்கும் கேள்விகள். அவன் காதில் அத்தனையும் பாகிஸ்தான் கேட்பதுபோல விழுகிறது. அவளை பிளாக் பண்ணிவிட்டு, மறுநாள் காலை அவள் வீட்டுக்கே பெண் பார்க்கப் போகிறான். தட்டில் காபி வருகிறது, அவள் கேட்கிறாள்: "இப்பவாவது சொல்லலாமா, எந்த ஊர்?" இதற்கு மேல் ஒரு காமெடி டிராக் தனியாகத் தேவையில்லை.

பெண்ணின் அப்பாவை ஓய்வுபெற்ற சுபேதாராக வைப்பது எல்லாருக்கும் தோன்றும். தோன்றினாலும் வையுங்கள், ஆனால் மீசையை முறுக்க விடாதீர்கள். சுபேதாருக்கும் சிப்பாய்க்கும் நடுவில் லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார் என்று நாலு படி இருக்கிறது. கையில் ஒரு பட்டை லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். சுபேதாரை சிப்பாய் 'சாப்' என்றுதான் கூப்பிட்டுப் பழகியிருப்பான். வருங்கால மாமனார் கூடத்துக்குள் நுழைந்ததும், மடியில் பஜ்ஜித் தட்டோடு உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை விறைத்து எழுந்து நிற்பான். தட்டு போகும். "மாமான்னு கூப்பிடுங்க மாப்ள" என்று உறவினர்கள் சொல்லச் சொல்ல வாயில் 'சாப்' தான் வரும். கல்யாணம் முடிந்து வண்டி கிளம்பும்போது முதல் தடவையாக 'மாமா' என்று சொன்னால் அந்த ஒரு சொல்லுக்குத் தியேட்டர் கைதட்டும்.

சுபேதார் என்ன கேட்பார்? சம்பளம் கேட்க மாட்டார், அது அவருக்கே தெரியும். "பீஸா, ஃபீல்டா?" இதுதான் முதல் கேள்வி. பீஸ் ஸ்டேஷன், அதாவது அமைதிப் பகுதி, என்றால் குடும்பத்தைக் கூட்டிப் போகலாம், ஆனால் குவார்ட்டர்ஸ் உடனே கிடைக்காது, வரிசையில் காத்திருக்க வேண்டும். ஃபீல்ட், அதாவது களப்பகுதி, என்றால் மனைவி ஊரில்தான். நாயகியின் பயமும் இதுதான், தாலி கட்டிய நாலாம் நாளுக்குள் மாமியாரோடு தனியாக விடப்படுவது. அவள் மிலிட்டரி மாப்பிள்ளை வேண்டாமென்று சொல்வதற்கு இதைவிட நியாயமான காரணம் இல்லை. அவளைத் திமிர்பிடித்தவளாக எழுதி நாயகன் திருத்துவதாகப் போனால் படம் அங்கேயே படுத்துவிடும். அவள் கேள்வி சரியான கேள்வி, அவனிடம் பதில் இல்லை. அந்தப் பதிலை அவன் தேடுவதுதான் காதல்.

கல்யாணம் முடிந்தால் வேலை முடியவில்லை. யூனிட்டில் கல்யாணத்தைத் தெரிவித்து, சான்றிதழும் ஜோடிப் புகைப்படமும் கொடுத்து, 'பார்ட் டூ ஆர்டர்' என்ற அதிகாரபூர்வப் பதிவு வெளியாக வேண்டும். அது ஆகும்வரை சர்க்கார் கணக்கில் அவள் மனைவியே இல்லை. கேன்டீன் கார்டு, ஆஸ்பத்திரி, குவார்ட்டர்ஸ் எல்லாம் அந்தத் தாளுக்குப் பிறகுதான். ஊரே அட்சதை போட்ட பிறகும் "நான் இன்னும் உன் பொண்டாட்டி இல்லையாமே?" என்று அவள் போனில் சிரிப்பதற்கு இடம் இருக்கிறது.

இனி சறுக்கும் இடங்கள். பெரிய சறுக்கல் உடை. லீவில் வருகிறவர் சிவில் உடையில்தான் பயணம் செய்வார். நெஞ்சு நிறைய மெடலோடு பிளாட்பாரத்தில் இறங்கும் நாயகன் சினிமாவில் மட்டும் இருக்கிறான். மெடல் சடங்கு உடைக்கு, மற்ற நாளில் ரிப்பன் மட்டும். துப்பாக்கி ஊருக்கு வராது, யூனிட்டின் கோத்தில் (ஆயுத அறை) ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்புவான். (தீவிரவாதி வேண்டாமென்றதற்கு இதுவும் ஒரு காரணம். அவனை எதைக் கொண்டு சுடுவதாம்?) போர்க்களக் காட்சி ஒன்றிரண்டு வருமென்றால் வருஷத்தைப் பாருங்கள். புதிய டிஜிட்டல் பாணி காம்பாட் உடை 2022 ஜனவரி 15 ராணுவ நாள் அணிவகுப்பில்தான் அறிமுகமானது. அதன் மேல்சட்டையை பேன்ட்டுக்குள் விட மாட்டார்கள். வாடகைத் துணிக்கடையில் கிடைக்கும் பழைய பாணியைப் போட்டுவிட்டு 2024 என்று எழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

சல்யூட்டில் தவறாத தமிழ்ப் படம் குறைவு. தரைப்படை சல்யூட்டில் உள்ளங்கை எதிரே நிற்பவருக்குத் தெரியும். கடற்படையில் உள்ளங்கை தரையைப் பார்க்கும், விமானப்படையில் சாய்ந்து நிற்கும். தொப்பி இல்லாத தலையோடு தரைப்படை ஆள் கை தூக்க மாட்டார், விறைத்து நின்று 'ஜெய் ஹிந்த்' சொல்வார். வேட்டி கட்டிக்கொண்டு கோயில் வாசலில் கொடிக்கு சல்யூட் அடிக்கும் போஸ்டர் ஷாட்டை இயக்குநர் கேட்பார். கொடுக்காதீர்கள்.

பெட்டியும் பேச்சும் சின்ன விஷயங்கள்தான், ஆனால் நம்பவைப்பவை அவைதான். கறுப்பு இரும்பு டிரங்குப் பெட்டி, மூடியில் வெள்ளை பெயின்ட்டில் நம்பரும் ரேங்கும் பெயரும். இளவட்டங்கள் இப்போது டிராலி பேக்கோடு வருகிறார்கள், டிரங்குப் பெட்டி மாமனார் வீட்டுப் பரணில் நெல் விதையோடு இருக்கட்டும். பேச்சில் லங்கர் (சமையலிடம்), நாஷ்டா, சுட்டி (லீவு), ஃபால் இன் (வரிசையில் நில்) என்று நாலு சொல் போதும். ஒவ்வொரு வாக்கியத்திலும் இந்தி கலந்தால் அவன் வீரனாகத் தெரிய மாட்டான், சேட்டுக் கடைக்காரனாகத் தெரிவான். நிஜத்தில் கலப்பு வருவது பதற்றத்தில்தான். நாய் துரத்தும்போது, பெண்ணின் கை தவறிப் படும்போது. காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடுவது, பாயைச் சதுரமாக மடிப்பது, ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடிப்பது எல்லாம் ஒருமுறை காட்டினால் குணம், மூன்றுமுறை காட்டினால் கேலி. "ராணுவ வீரன் எங்கே போகிறான் என்று கேட்கக்கூடாது" வகை வசனங்களையும் ஒன்றுக்கு மேல் அனுமதிக்காதீர்கள்.

சரக்கு. ஊருக்குள் கால் வைத்ததும் பங்காளிகள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கேன்டீன் பாட்டில் ரேங்குக்கு ஏற்ப மாதக் கோட்டா, கார்டில் பதிவாகும், வெளியே விற்பது குற்றம். இரண்டு பாட்டிலுக்குப் பன்னிரண்டு பங்காளிகள் என்பது நல்ல காட்சி. அதையே படம் முழுக்க இழுத்தால் ஏற்கெனவே நூறு படத்தில் பார்த்தது.

கடைசிக் கால் மணி நேரத்துக்கு எல்லாரும் எடுப்பது 'ரீகால்'. தந்தியோ போனோ வந்து பாதி லீவில் கூப்பிட்டுக்கொள்வது. 1999 கார்கில், 2001 டிசம்பர் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் எல்லையில் படை குவித்தது போன்ற சமயங்களில் அது நடந்ததுதான். ஆனால் காரணமில்லாமல் சும்மா கூப்பிட மாட்டார்கள். கதை நடக்கும் வருஷத்தில் நாட்டில் எதுவும் நடக்காதபோது ரீகால் வந்தால் அது ஆசிரியர் போட்ட போன். ஆகஸ்ட் 20 ரயில் இருக்கும்போது உங்களுக்கு அது தேவையுமில்லை.

நாயகனை இருபத்தொரு வயதுக்காரனாக மாற்றலாமா என்று யோசித்தால், இதைவிடப் புதிய கதை ஒன்று காத்திருக்கிறது. 2022 ஜூன் 14-ல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவன். நாலு வருஷ வேலை, வருஷத்துக்கு 30 நாள்தான் ஆனுவல் லீவு, அந்த நாலு வருஷமும் கல்யாணம் செய்யக் கூடாது. முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாயில் 30 சதவீதம் பிடித்து 21,000 கையில் வரும், நாலாம் வருஷம் 40,000-க்கு 28,000. பிடித்ததெல்லாம் சேர்ந்து 5.02 லட்சம், அரசு அதே அளவு போட்டு, வட்டியோடு முடிவில் சுமார் 11.71 லட்சம். பென்ஷன் கிடையாது. அதிகபட்சம் நாலில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். பெண் நாலு வருஷம் காத்திருக்கிறாள். அவன் நிரந்தரமாகிவிட்டால் மறுபடி பிரிவு. ஆகாவிட்டால் கையில் பணமும் வேலையில்லாத மாப்பிள்ளையும். அவளுடைய அப்பாவும் அம்மாவும் எதற்கு வேண்டிக்கொள்வார்கள்? ஒருவர் 'எடுக்கணும்' என்றும் இன்னொருவர் 'எடுக்கக் கூடாது' என்றும் ஒரே அம்மனுக்கு நேர்ந்துகொண்டால் போதும்.

லீவில் ஊருக்கு வருவது பெண்ணாகவும் இருக்கலாம். ராணுவப் போலீஸ் பிரிவின் முதல் பெண் வீரர்கள் 83 பேர் 2021 மே மாதம் பெங்களூரில் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். சிவப்புத் தொப்பி. ஊரில் காத்திருப்பது மாப்பிள்ளை, "பீஸா ஃபீல்டா?" என்று கேட்பதும் அவன்தான் என்று திருப்பிப் போட்டால் மேலே சொன்ன காட்சிகள் பாதி புதிதாகிவிடும்.

நாயகனைப் போலி வீரனாக வைக்கத் தோன்றினால் அதற்கு முன்னோடி ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் எழுதி இயக்கிய 'ஹெயில் த கான்கரிங் ஹீரோ', 1944. மூக்கடைப்பு ஒவ்வாமையால் கடற்படைக் காலாட்படையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவன், வெளிநாட்டில் சண்டை போடுவதாக அம்மாவுக்குப் பொய் சொல்லிக்கொண்டு கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். குவாடல்கனால் போர்க்களத்திலிருந்து திரும்பிய ஆறு வீரர்கள் அவனைப் பிடித்து வீரனாக்கி ஊருக்குக் கூட்டிப் போக, ஊர் பேண்டு வாத்தியத்தோடு வரவேற்று மேயர் பதவிக்கே நிறுத்திவிடுகிறது. காதலியோ வேறொருவனுக்கு நிச்சயமாகியிருக்கிறாள். உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே எடுத்த படம், ஆனால் அதில் ஒரு குண்டு வெடிக்காது. பொய்யை ஒவ்வொரு படியிலும் ஊரே பெரிதாக்குகிறது, அவன் வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது இன்னும் ஒரு சுற்றுப் பெருகும். நம்மூரில் இதைச் செய்தால் சட்டமும் கைகொடுக்கும். மற்றவர்கள் நம்ப வேண்டுமென்று வீரனின் உடையை மாட்டிக்கொள்வது பழைய இ.பி.கோ. 140, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 168, மூன்று மாதம் வரை சிறை. நடிகருக்கு இது பொருந்தாது, அவர் யாரையும் ஏமாற்றவில்லை. உங்கள் கதாபாத்திரத்துக்குப் பொருந்தும்.

கடைசியாக அனுமதி. ராணுவத்தைக் கருவாகக் கொண்ட படம், வெப் தொடர் வெளியாகும் முன் பாதுகாப்பு அமைச்சகத்தின் தடையில்லாச் சான்று வாங்கச் சொல்ல வேண்டும் என்று 2020 ஜூலை இறுதியில் அமைச்சகம் தணிக்கை வாரியத்துக்குக் கடிதம் எழுதியது. படம் முடிந்த பிறகு ஓடினால் ரிலீஸ் தேதி தள்ளும், திரைக்கதை முடிந்ததுமே தொடங்குங்கள். கன்டோன்மென்ட்டுக்குள் கேமரா வைக்க அது தனி அனுமதி. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் இருக்கும் நீலகிரி வெலிங்டனில் பரேடு மைதானம் வேண்டுமென்று ஆசைப்பட்டால் அட்டவணையில் நாள் விட்டு வையுங்கள். யூனிட் பெயருக்கு உண்மையான பட்டாலியன் எண்ணைப் போடாதீர்கள், அந்த எண்ணில் ஆயிரம் பேர் உயிரோடு இருப்பார்கள். நாயகன் "நம்ம பல்டன்" என்று சொன்னாலே போதும், அவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.